பீரோவில் பதினான்கு ஷேக்கிள்

புதிதாகப் பெயிண்டிங் செக்ஷனில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் சூப்பர்வைசர் கேட்டார். எந்த பிரைமருக்கு மேல் எந்த பெயிண்ட், எத்தனை கோட்டு, எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பதெல்லாம் டப்பா மேலேயே அச்சடித்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாதவரை வேலைக்கு எடுத்திருக்க மாட்டார்கள். அதனால் அதை நான் எழுதப் போவதில்லை. முப்பத்தோரு வருட சர்வீசில் நான் அதிகமாகப் பாராட்டு வாங்கிய வேலை ஒன்று உண்டு. அந்த வேலையால் ஓர் ஆள் செத்திருப்பார். அதை எழுதுகிறேன்.

நான் கோபக்காரன். கொஞ்சம் பெருமை பிடித்தவனும்கூட. இரண்டும் இந்த விஷயத்தில் வேலை செய்தன.

அப்போது நான் காட்டூர் தாண்டி ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் பெயிண்டிங் ஃபோர்மேன். அசெம்ப்ளி நடக்கும் பெரிய கொட்டகையில் ஒரு டூல்ஸ் பீரோ இருந்தது. ஏழடி உயரம், இரட்டைக் கதவு. ஸ்பேனர், கிளாம்ப், செயின் எல்லாம் அதில்தான். ஒரு கதவு கீல் கழன்று தொங்கும். அடித்தட்டு துருப்பிடித்து இட்லித் தட்டு மாதிரி ஓட்டை விழுந்து கிடந்தது. ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது முதலாளி அதன் முன்னால் வந்து நின்றார்.

"இந்த பீரோவை வச்சுக்கிட்டு எப்படிங்க பூஜை போடறது? சரஸ்வதி பாத்தா வாசலோட திரும்பிடுவா."

"என்கிட்ட விட்டுடுங்க" என்றேன்.

விட்டார். நானும் யாரையும் கிட்டே சேர்க்காமல் அதைப் பிரித்து, தேய்த்து, தகடு வைத்து, கதவை நிமிர்த்திப் புதிதாக்கினேன். வெளியே கருநீலம், உள்ளே வெளிர் சாம்பல். எந்தச் சாமான் எங்கே உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு தட்டிலும் அதன் வடிவத்தையே வரைந்து வைத்தேன். செய்து முடித்து எட்டி நின்று பார்த்தபோது எனக்கே தலைகால் புரியவில்லை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பீரோ பளபளவென்று நிற்க, உள்ளே வைக்கிற சாமான் கல்யாண வீட்டுக்கு லுங்கியோடு வந்த ஆள் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. அரை டப்பா சில்வர் பெயிண்ட் மிச்சம் இருந்தது.

ஷேக்கிள் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: லாடம் போல வளைந்த கனமான இரும்பு. அதன் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு முள்ளைத் திருகி மூடிவிடலாம். கிரேன் ஒரு பாரத்தைத் தூக்கும்போது பாரத்தையும் மேலே இருக்கும் கம்பிவடத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது இதுதான். இது விட்டால் எல்லாம் விட்டது.

பீரோவின் அடித்தட்டில் ஷேக்கிள்கள் கிடந்தன. பத்து ஒரு குவியலாக இருந்தன. நான்கு மட்டும் தனியாக மூலையில் இருந்தன. அந்த நான்கின் மேலும் சிவப்பு பெயிண்ட் கோணல்மாணலாகத் தடவியிருந்தது. எவனோ பிரஷ்ஷை இதில் துடைத்திருக்கிறான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. "பிரஷ் துடைக்க இந்த ஷாப்ல வேற இடமே கிடைக்கலையாய்யா?" என்று பொதுவாக ஒரு சத்தமும் போட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் சத்தம் போட்டால் அங்கே யாரும் பதில் சொல்வதில்லை. அப்படித்தான் எல்லாரையும் பழக்கி வைத்திருந்தேன். சிவப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். முழுக்கப் போகவில்லை. அதன் மேலேயே பதினான்குக்கும் ஒரே சீராக சில்வர் அடித்தேன்.

பெயிண்டரைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. வேறு யார் பார்த்திருந்தாலும் இது எதற்கு சிவப்பு என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அது மோசமாக அடித்த பெயிண்டாகத்தான் தெரிந்தது.

கேட்க வேண்டிய ஆள் அன்றைக்கு ஷாப்பில் இல்லை. எங்கள் ரிக்கர் சவரிமுத்து. பாரம் தூக்குகிற சாமான்களுக்கும் வேலைக்கும் அவர்தான் பொறுப்பு. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போட்டே எழுதுங்க" என்றார்.) அவருடைய மகள் நிறைமாதமாக இருந்தார். பிரஷர் ஏறிவிட்டது, உடனே சேர்க்க வேண்டும் என்று போன் வந்து, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியவர் லீவிலேயே இருந்தார். புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. பூஜைக்கு மூன்று நாள் முன்பு ஆண் குழந்தை பிறந்தது. மருமகன் ஸ்டீபனும் எங்கள் ஷாப்தான். பாரம் அந்தரத்தில் ஊசலாடாமல் இருக்க அதில் ஒரு கயிறு கட்டி, பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அந்தக் கயிறு பிடிப்பவர் ஸ்டீபன். ஆஸ்பத்திரிக்கும் ஷாப்புக்கும் அலைந்துகொண்டிருந்த அவர், ஷேக்கிள் எல்லாம் பளபளவென்று வரிசையாக இருப்பதைப் பார்த்தார். எத்தனை என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜை அமர்க்களமாக நடந்தது. பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வைத்து மாலை போட்டார்கள். பதினான்கு ஷேக்கிளையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். முதலாளி எல்லார் முன்னிலையிலும் எனக்குச் சால்வை போட்டார். பீரோவை ஃபோட்டோ எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

பூஜையில் வைத்த சாமானை அன்று யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு எடுத்து, நல்ல நேரத்தில் சகுனத்துக்கு ஒரு வேலையைத் தொடங்கி வைக்க வேண்டும். மற்ற ஷாப்பில் ஓர் ஆணியை அடித்துவிட்டுப் பொரிகடலை தின்பார்கள். எங்கள் முதலாளிக்கு அது போதாது. நாலு டன் டக்ட் ஒன்று, அதாவது காற்றுப் போகிற பெரிய தகட்டுக் குழாய், தயாராக இருந்தது. அதைப் பத்தரை மணிக்குள் தூக்கி லாரியில் ஏற்றிவிட வேண்டும் என்றார். நான் லீவு போட்டுவிட்டு மனைவியோடு ஸ்ரீரங்கம் போயிருந்தேன். சித்திரை வீதியில் அவளுடைய தங்கை வீடு. அந்த வீட்டுக் குழந்தைக்கு அன்று எழுத்து ஆரம்பிக்கிற விசேஷம்.

பத்து மணி தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். சவரியிடமிருந்து போன். வீட்டுக்குள் இரைச்சலாக இருந்ததால் வெளியே வந்தேன்.

"அண்ணே, முதலாளி ஸ்டேட்டஸ்ல உங்க பீரோ ஃபோட்டோ பாத்தேன்."

பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எப்படிப்பா இருக்கு?"

"ஷேக்கிள் பதினாலு இருக்கு அண்ணே."

"ஆமா, எல்லாத்துக்கும் சில்வர் அடிச்சேன்."

"நல்லது பத்துதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் சத்தம் உயராமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். "நாலு கண்டம் அண்ணே. சிவப்பு தடவி மூலைல வச்சிருந்தேன். ஒண்ணுல விரிசல். மத்ததுல முள்ளு தேஞ்சு போச்சு. அன்னிக்கே அறுத்துப் போட்டிருக்கணும். பொண்ணுக்கு முடியலன்னு போன் வந்துச்சா, அப்படியே வச்சிட்டு ஓடிட்டேன். இப்ப ஃபோட்டோவுல பாத்தா எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கே தெரியல. மாப்பிள்ளைக்கு அடிச்சேன், எடுக்கல. முதலாளியும் எடுக்கல. அந்தப் புது சூப்பர்வைசர் சாரு நம்பர் என்கிட்ட இல்ல. பத்தரைக்குள்ள தூக்கிடுவாங்க அண்ணே. மாப்பிள்ளைதான் கயிறு புடிக்கிறாரு."

இனி உபயோகத்துக்கு ஆகாது என்று ஒதுக்குவதைத்தான் நாங்கள் கண்டம் என்போம். அந்த வார்த்தையைக் கேட்டதும், பிரஷ் துடைத்த கறை என்று நான் சத்தம் போட்டுத் தேய்த்த அந்த நான்கும் கண் முன்னால் வந்து நின்றன.

பாரம் தூக்கும்போது எல்லாருடைய போனும் மேஜை டிராயருக்குள் போய்விடும். முதலாளியே போட்ட சட்டம், அவருடைய போனும் உள்ளேதான். சூப்பர்வைசர் கையில் மட்டும்தான் போன் இருக்கும். அப்போது சூப்பர்வைசர் கார்த்தி, சேர்ந்து இரண்டு வாரம் ஆன பையன். அவரைக் கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகப் படியுங்கள். எனக்கு எல்லாம் தெரியும். கெட்டுப்போன ஷேக்கிள் எத்தனை, பக்கத்தில் நிற்பது யார், அவருக்குக் குழந்தை பிறந்து எத்தனை நாள், எல்லாம் தெரியும். போனில் என் வாயிலிருந்து வந்தது இது:

"தம்பி, லிஃப்டை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க முடியுமா? நானும் வந்துடறேன். வந்து ஒரு தடவை பாத்துட்டுத் தூக்கலாம்."

"சார், முதலாளி பக்கத்துலயே நிக்கிறாரு. பத்தரைக்கு மேல நேரம் சரியில்லைங்கறாரு. நீங்க லீவை என்ஜாய் பண்ணுங்க சார், நான் ஃபோட்டோ அனுப்பறேன்" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

பக்கத்தில் முதலாளி நிற்கிறார் என்று கேட்டதுமே எனக்கு மேலே பேச நாக்கு எழவில்லை. நேற்றுத்தான் சால்வை போட்டார். இன்றைக்கு எப்படிச் சொல்வது? எப்படியாவது வேலையை நிறுத்திவிட்டு, நேரில் போய், யாருக்கும் தெரியாமல் அந்த நான்கையும் பொறுக்கி எடுத்துவிடலாம் என்று என் புத்தி கணக்குப் போட்டது. ஓர் ஆளுடைய தலைக்குப் பக்கத்தில் நாலு டன் தொங்கப் போகிறது. நான் என் மானத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தாலும் காவிரிப் பாலம், பால்பண்ணை ஜங்ஷன் நெரிசல் எல்லாம் தாண்டிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். மணி பத்து பத்து. போனைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். என்னைத் தேடிக்கொண்டு மனைவி வெளியே வந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவரு மூஞ்சியா இது? சொல்லுங்க."

"ஸ்டீபன் சாகப் போறான்" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நாலு வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவெல்லாம் இல்லை.

"கேட்டுக்குப் போன் பண்ணி சங்கு ஊதச் சொல்லுங்க. நேரம் கெட்ட நேரத்துல சங்கு சத்தம் கேட்டா எல்லாரும் வெளிய ஓடி வரணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

எங்கள் வீட்டுக்கே கேட்கும் அந்தச் சங்கு, ஷாப்பின் சைரன். ஷிஃப்ட் மாறும் நேரம் தவிர வேறு எப்போது அடித்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே மைதானத்துக்கு ஓட வேண்டும். தீ விபத்துக்காக எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. இத்தனை வருடம் அங்கே வேலை பார்த்த எனக்குத் தோன்றவில்லை. வீட்டிலிருந்து அந்தச் சத்தத்துக்குப் பயந்தவளுக்குத் தோன்றியது.

கேட்டில் வாட்ச்மேன் கோவிந்தன் எடுத்தார். சங்கை அடியுங்கள் என்றேன்.

"பூஜை நேரத்துலயா? முதலாளி என்னைத் தொலைச்சிடுவாரு சார். யாரு சொன்னாங்க?"

"நான் சொல்றேன். கோவிந்தன், கேளுங்க. கெட்டுப்போன ஷேக்கிளுக்கு நான் பெயிண்ட் அடிச்சு நல்லதோட கலந்துட்டேன். தப்பு என்னோடது. அதுலதான் இப்ப தூக்கறாங்க. அறுந்துச்சுன்னா ஸ்டீபன் செத்துடுவாரு. எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போனை அப்படியே மேஜையில் வைத்தது கேட்டது. சங்கு அலற ஆரம்பித்தது. அதைக் காதில் வைத்துக்கொண்டு நான் சித்திரை வீதியில் நின்றேன். பக்கத்தில் பூக்கடைக்காரம்மா எழுந்து வந்து உட்காருங்க என்று ஸ்டூலைப் போட்டார். உட்காரத் தெரியவில்லை. சங்குச் சத்தத்துக்கு நடுவில் இரும்பு விழுகிற சத்தம் கேட்கிறதா என்றே என் உயிர் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

"எல்லாரும் வந்துட்டாங்க சார். முதலாளி கத்தறாரு" என்றார் கோவிந்தன்.

"ஸ்டீபன்?"

"எதிர்லதான் நிக்கிறாரு. கையில கிளவுஸோட."

அந்த நேரத்தில் டக்ட் தரையிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தது. கிரேன் பிரேக் பிடித்து அப்படியே தொங்கியது. யாரையும் கிட்டே விடாமல், எட்ட நின்று ரிமோட்டில் மெல்ல இறக்கினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அது தரையில் இருந்தது. முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டக்டைத் தூக்க மாட்டியிருந்த நான்கு ஷேக்கிளையும் கழற்றி என் முன்னால் வைத்தார்கள். தின்னரும் துணியும் கொண்டுவந்து நானே துடைத்தேன். முதல் இரண்டில் சில்வருக்குக் கீழே வெறும் இரும்பு. மூன்றாவதில் சிவப்பு வந்தது. நான்காவதிலும் சிவப்பு வந்தது. அந்த நான்காவதில், வளைவில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. என் பெயிண்ட் அதற்குள் இறங்கி அழகாக அடைத்திருந்தது. ஸ்டீபன் அதை என் கையிலிருந்து வாங்கி, துணியால் அழுத்தித் துடைத்து, கோட்டில் கட்டை விரல் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"நகம் உள்ள போகுது சார்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஷாப்பில் இரண்டு சட்டம் வந்தது. பாரம் தூக்குகிற எந்தச் சாமானுக்கும் பெயிண்டர் கை வைக்கக் கூடாது. கண்டம் என்று சொன்னதை அடுத்த வேலைக்கு முன்னால் அறுத்துவிட வேண்டும். நல்ல சட்டங்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் எனக்குக் கிடைத்த பாடம் கார்த்தி சொன்னது. அன்று மத்தியானம் அவர் என்னிடம் வந்து, "நீங்க திரும்பத் திரும்ப கூப்பிட்டப்ப, வெயிட் பண்ணச் சொல்லத்தான் கூப்பிடறீங்கன்னு நினைச்சு எடுக்கல சார்" என்றார். முதல் போனில் நான் மழுப்பியதால்தான் அடுத்த இரண்டு போனும் செத்துப்போயின. அவர் எடுத்தபோது டக்ட் தரையில்தான் இருந்தது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் தரையிலேயே இருந்திருக்கும். கெட்ட செய்தியை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். யார் பக்கத்தில் நின்றாலும் சொல்லுங்கள்.

சாயங்காலம் புத்தூருக்குப் போனேன். சவரியிடம் அந்த முதல் போனைப் பற்றிச் சொல்லாமல் வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில், பேரனை இரண்டு கையிலும் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சவரி, நீ சொன்னதும் நான் கார்த்தியைக் கூப்பிட்டேன். ஆனா விஷயத்தைச் சொல்லல. எனக்கு அசிங்கமாயிடும்னு மறைச்சேன். அந்த நேரத்துலதான் பாரம் ஏறியிருக்கு. உன் மாப்பிள்ளை நிக்கிறாருன்னு தெரிஞ்சும் மறைச்சேன்."

அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் அந்த ஃபோட்டோவை நேத்து சாயங்காலமே பாத்துட்டேன் அண்ணே" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எண்ணினேன். பதினாலு. திரும்ப எண்ணினேன். அறுக்காம விட்டது நான்தானே. இத்தனை வருஷத்துல ஒரு பேச்சு வாங்கினதில்ல. விடிஞ்சதும் யாருகிட்டயாவது சொல்லிக்கலாம்னு படுத்தேன். காலைல மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பறப்ப என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. 'வரேன் மாமா'ன்னாரு. எனக்கு வாய் வரல அண்ணே."

என்னுடையது சில நிமிடம். அவருடையது ஓர் இரவும் ஒரு காலையும். சொந்த மருமகன், மடியில் பேரன். அப்படிப்பட்டவரின் வாயையும் இது அடைக்கும் என்றால், நாளைக்கு உங்கள் வாயையும் அடைக்கும். அதற்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

அப்போது ஸ்டீபன் காபி பிளாஸ்க்கோடு படியேறி வந்தார். "உக்காருங்க சார், காபி குடிக்கலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளாசை எடுத்தார். சவரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, கெட்ட ஷேக்கிள் கலந்திருக்குன்னு எனக்கு நேத்தே தெரியும். காலைல நீங்க கிளம்பறப்பவும் தெரியும். சொல்லல."

ஸ்டீபன் பிளாஸ்கைக் கீழே வைத்தார். குனிந்து, மாமனார் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சவரி இரண்டு கையையும் ஏந்தியது ஏந்தியபடி உட்கார்ந்திருந்தார்.